எடிட்டிங் புராஜெக்டிலிருந்து ஒளிபரப்பு ஸ்ட்ரீம் வரை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

எடிட்டிங் கற்றுக்கொண்டு தங்கள் முதல் நிகழ்ச்சியை முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் கேட்கிறார்கள்: "புராஜெக்ட் ஃபைல் என்னிடம் இருக்கிறது. ஒளிபரப்புக்கு டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமாகக் கேட்கிறார்கள். இதை அதுவாக மாற்ற எந்தக் கன்வெர்ட்டரைப் போட வேண்டும்?" ஏதோ ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான்; ஆனால் பெயர் தெரிந்த பிறகும் வேலை நடக்காது. ஏனென்றால், மாற்றுவதற்கான வீடியோ எதுவும் புராஜெக்ட் கோப்புக்குள் இல்லவே இல்லை. முதலில் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டு, அடுத்ததாக டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற அந்த ஒளிபரப்பு ஸ்ட்ரீம் யாருக்காக உருவாக்கப்பட்ட வடிவம் என்பதையும் புரிந்துகொண்டால், எக்ஸ்போர்ட் திரையில் பயமுறுத்தும் தேர்வுகள் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

புராஜெக்ட் கோப்புக்குள் இருப்பது என்ன?

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்காகப் படம்பிடித்த மூலக் காட்சிகள் சில நூறு ஜிகாபைட் இருக்கும். அதே நிகழ்ச்சியின் புராஜெக்ட் கோப்போ பெரும்பாலும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அளவில் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. புராஜெக்ட் கோப்பில் இருப்பவை குறிப்புகள் மட்டுமே: எந்தக் கிளிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை எடுத்துக்கொள்ள வேண்டும், டைம்லைனில் எந்த டிராக்கில் எந்த இடத்தில் அது உட்கார வேண்டும், அதன்மேல் எந்த எஃபெக்ட் எவ்வளவு ஏற வேண்டும், பின்னணி இசை எந்த நொடியில் தணிந்து எந்த நொடியில் மீண்டும் எழ வேண்டும் என்பன போன்றவை. பிரீமியர் புரோவின் புராஜெக்ட் கோப்பு, ஜிசிப் முறையில் சுருக்கி வைக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். உரைதான். கேடென்லைவ் எழுதுவதும் எக்ஸ்.எம்.எல்.தான், அதைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே கிளிப்புகளின் முகவரிகளையும் ஃபிரேம் எண்களையும் கண்ணால் படிக்கலாம். டாவின்சி ரிசால்வ் தன் புராஜெக்டுகளை ஒரு தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும், அது வீட்டின் வரைபடமே தவிர வீடாகாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இரவு நேரத்து அவசரத்தில். முடித்த நிகழ்ச்சியை வேறொரு இடத்தில் இருந்த வேகமான கணினியில் எக்ஸ்போர்ட் செய்யலாம் என்று, பென் டிரைவில் புராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். திறந்ததும் டைம்லைன் அப்படியே வந்தது. வெட்டுகள், டைட்டில்கள், பெயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிளே பட்டனை அழுத்தியபோது மானிட்டரில் தெரிந்ததோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் "மீடியா ஆஃப்லைன்" என்ற சிவப்புத் திரை. மூலக் காட்சிகள் இருந்த ஹார்ட் டிஸ்க் என் மேசையிலேயே இருந்துவிட்டது. அன்றைக்கு இழந்த மூன்று மணி நேரம், புராஜெக்ட் கோப்பு என்றால் என்ன என்பதை எந்தப் பாடமும் சொல்லித்தராத அளவுக்குச் சொல்லித்தந்தது.

ஒரு எடிட்டிங் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு டைம்லைனைக் கொண்டுபோகப் பயன்படும் ஈ.டி.எல்., ஏ.ஏ.எஃப்., எக்ஸ்.எம்.எல். போன்றவையும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் பயணம் செய்வது எடிட்டரின் முடிவுகள். படமும் ஒலியும் தனியாகத்தான் போக வேண்டும். ஏ.ஏ.எஃப். கோப்புக்குள் மீடியாவையும் சேர்த்துப் பொதிந்து அனுப்ப முடியும் என்றாலும், அப்போதும் அது வெட்டி ஒட்டி முடிக்கப்பட்ட ஒரே படமாக ஆகிவிடுவதில்லை.

முதலில் ஒரு மாஸ்டர்

குறிப்புகளை எல்லாம் நடைமுறைப்படுத்தி, மூலக் காட்சிகளிலிருந்து தேவையான ஃபிரேம்களை எடுத்து, எஃபெக்டுகளை ஏற்றி, ஒலித் தடங்களைக் கலந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே படமாகக் கணக்கிட்டு எழுதும் வேலைக்குத்தான் ரெண்டர் என்று பெயர். புராஜெக்டிலிருந்து எங்கே போவதானாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சில மென்பொருள்களில் புராஜெக்டையே நேராக, படத்தைச் சுருக்கி எழுதும் என்கோடருக்குள் இழுத்துப் போட்டால் ஒளிபரப்புக் கோப்பு வெளியே வந்துவிடுகிறது. அதைப் பார்ப்பவர்களுக்கு, புராஜெக்ட் கோப்பே "கன்வெர்ட்" ஆனது போலத் தோன்றும். உண்மையில் என்கோடர் பின்னணியில் எடிட்டிங் இயந்திரத்தை இயக்கி, ஒவ்வொரு ஃபிரேமையும் ரெண்டர் செய்து வாங்கிக்கொள்கிறது. மூலக் காட்சிகளை அகற்றிவிட்டு அதே வேலையைச் செய்து பார்த்தால் இது புரிந்துவிடும்.

நேராக ஒளிபரப்பு வடிவத்துக்கே எக்ஸ்போர்ட் செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், நான் பரிந்துரைப்பதில்லை. இடையில் ஒரு மாஸ்டர் கோப்பை உருவாக்கிக்கொள்வது எப்போதும் நல்லது. புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். போன்ற கோடெக்குகள், அதாவது படத்தைச் சுருக்கும் முறைகள், இதற்காகவே உள்ளவை. அவை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக, மிகக் குறைந்த அளவே சுருக்கி வைக்கின்றன. 1920×1080 அளவுள்ள, நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட, 10 பிட் 4:2:2 வீடியோவைச் சுருக்காமல் அனுப்பினால் படத்துக்கு மட்டுமே நொடிக்கு ஏறத்தாழ 1,037 மெகாபிட் ஆகும். அதையே புரோரெஸ் 422 எச்.க்யூ. சுமார் 184 மெகாபிட்டில் வைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிகாபைட் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒளிபரப்புக்குப் போகும் ஸ்ட்ரீமோ 8 மெகாபிட்டில் இருக்கக்கூடும். அப்படியானால் மணிக்கு 3.6 ஜிகாபைட்தான்.

இவ்வளவு பெரிய கோப்பை ஏன் சுமக்க வேண்டும் என்றால், 8 மெகாபிட்டுக்குச் சுருங்கிய படத்திலிருந்து இழந்த விவரத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால்தான். ஒலி அளவு கூடிவிட்டது என்று நிகழ்ச்சி திரும்பி வந்தால், அல்லது இன்னொரு இடம் வேறு பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு வேறு எண்ணிக்கையிலான பிட்டுகளில், கேட்டால், மாஸ்டரிலிருந்து மறுபடி என்கோட் செய்துகொள்ளலாம். ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்கினால், புகை, நீர், இலைகள், கூட்டம் போன்ற நுண்ணிய அசைவுள்ள இடங்களில் கட்டம் கட்டமாகப் படம் உடைவதைக் காணலாம்.

மாஸ்டர் கையில் இருக்கும்போதே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. ஃபிரேம் ரேட் 25 என்று கேட்கும் இடத்துக்கு 29.97 அல்லது 30 உள்ள டைம்லைனை அனுப்பினால் அசைவுகள் துள்ளும்; இதை எக்ஸ்போர்ட்டில் சரிசெய்வதைவிட, டைம்லைனை உருவாக்கும்போதே சரியாக வைப்பதுதான் அழகு. 1080i என்று கேட்டால் இன்டர்லேஸ் முறை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப் படங்களாகப் போகும், எச்.டி.யில் மேல் வரி முதலில் வர வேண்டும், அது மாறிப்போனால் அசையும் பொருள்கள் எல்லாம் நடுங்கும். 8 பிட் ஒளிபரப்பு வீடியோவில் கருப்பு 16, வெள்ளை 235 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். கணினியில் வரையப்பட்ட டைட்டில்கள்தான் இந்த வரம்பை அடிக்கடி மீறுகின்றன. ஒலிக்கு, ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரையைப் பின்பற்றும் இடங்களில் சராசரி உரப்பு −23 எல்.யு.எஃப்.எஸ்.; அமெரிக்க முறையான ஏ/85ஐப் பின்பற்றும் இடங்களில் −24. பெறுபவர் எதைப் பின்பற்றுகிறார் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரீம் யாருக்காக?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. எம்பி4 கோப்பையும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் படமும் ஒலியும் ஒன்றாகவே இருக்கக்கூடும், இரண்டிலும் எச்.264 வீடியோவும் ஏ.ஏ.சி. ஒலியும் இருக்கலாம். படத்தைச் சுருக்கும் முறை கோடெக். சுருக்கியதைக் கட்டி வைக்கும் முறை கண்டெய்னர். எம்பி4, டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பவை கண்டெய்னர்கள். வேறுபாடு, கட்டுகிற விதத்தில்தான் இருக்கிறது.

எம்பி4 ஒரு கோப்பு முழுமையாகக் கையில் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. எந்த ஃபிரேம் கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை முழுவதும் ஒரே இடத்தில், சில சமயம் கோப்பின் கடைசியில் இருக்கும். அந்த அட்டவணை இல்லாமல் பிளேயர் ஒன்றும் செய்ய இயலாது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் எம்பி4 கோப்பு திறக்காமல் போவது இதனால்தான்: படமெல்லாம் உள்ளே இருக்கிறது, அட்டவணை மட்டும் எழுதப்படவில்லை.

ஒளிபரப்பைப் பெறுபவரின் நிலை வேறு. அவர் டி.வி.யைப் போடுவது நிகழ்ச்சியின் நடுவில். தொடக்கத்தைக் கேட்டு வாங்க அவருக்கு வழியில்லை. அலைவரிசை ஒரே திசையில்தான் ஓடுகிறது. மழையிலோ இரைச்சலிலோ சில துண்டுகள் சிதைந்து வந்தால், மறுபடி அனுப்பு என்று சொல்லவும் முடியாது. அவருடைய கருவிக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நொடியில் வந்து விழும் பிட்டுகள் மட்டுமே. நடுவில் வந்து சேர்பவர், எதையும் கேட்க முடியாதவர், சிலவற்றைத் தவறவிடுபவர் என்று இந்த ஒருவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதுதான் எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். 1990களின் நடுவில் தரப்படுத்தப்பட்ட இந்த முறை, கோடெக்குகள் எம்பெக்-2 வீடியோவிலிருந்து எச்.264க்கும் பிறகு எச்.265க்கும் மாறிய பின்பும், செயற்கைக்கோள், கேபிள், தரைவழி ஒளிபரப்புகளில் இன்றும் அப்படியே நிற்கிறது. பெயரில் எம்பெக்-2 இருப்பதால் உள்ளே இருக்கும் படமும் எம்பெக்-2 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் குழம்பிவிடுகிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

188 பைட்டுகள்

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமின் கட்டுமானம் மிக எளிது: எல்லாமே 188 பைட் நீளமுள்ள பாக்கெட்டுகள். அதில் முதல் 4 பைட் தலைப்பு, மீதி 184 பைட்டில் படமோ ஒலியோ பிற தகவலோ போகும். ஒரு ஸ்ட்ரீம் கோப்பை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்க்குமாறு, புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். முதல் பைட் பதினாறடிமான எண்ணில் 47 என்று இருக்கும். எழுத்தாகப் பார்த்தால் ஆங்கிலத்தின் 'ஜி'. அங்கிருந்து 188 பைட் தள்ளிப் போனால் மறுபடி 47. இன்னும் 188 தள்ளினால் மறுபடி 47. கோப்பின் கடைசி வரை இந்தத் தாளம் தவறாது. நடுவில் வந்து சேரும் கருவி செய்வதும் இதையேதான்: ஏதோ ஓர் இடத்தில் 47ஐப் பார்க்கிறது, அது தற்செயலாகப் படத்தின் தரவில் வந்த 47ஆகவும் இருக்கலாம் என்பதால், 188 பைட் கழித்து மறுபடி 47 வருகிறதா என்று சில முறை சரிபார்க்கிறது, வந்தால், பாக்கெட்டின் எல்லையைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

தலைப்பின் மீதியில் முக்கியமானது 13 பிட் நீளமுள்ள பி.ஐ.டி. என்ற அடையாள எண். 0 முதல் 8191 வரை இருக்கலாம். வீடியோவுக்கு ஓர் எண், ஒலிக்கு ஓர் எண், சப்டைட்டிலுக்கு ஓர் எண் என்று கொடுத்துவிட்டால், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கலந்து அனுப்பினாலும் பெறும் கருவி எண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும். ஆனால் எந்த எண் எதற்கு என்பதை யார் சொல்வது? அதற்குத்தான் இரண்டு அட்டவணைகள். எப்போதும் 0 என்ற எண்ணிலேயே வரும் பேட் அட்டவணை, இந்த ஸ்ட்ரீமில் என்னென்ன நிகழ்ச்சிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் விவரம் எந்த எண்ணில் கிடைக்கும் என்று சொல்லும். அந்த எண்ணில் போய்ப் பார்த்தால் பி.எம்.டி. அட்டவணை, வீடியோ இந்த எண், ஒலி இந்த எண், கோடெக் இன்னது என்று சொல்லும். எம்பி4இல் அட்டவணை ஒரே முறை எழுதப்படுகிறது. இங்கே இந்த அட்டவணைகள் நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஒளிபரப்பில் ஸ்ட்ரீமைச் சோதிக்கும் வழக்கமான அளவுகோலின்படி, அரை நொடிக்குள் ஒரு முறையாவது பேட் வராவிட்டால் அது பிழை.

ஒவ்வொரு பி.ஐ.டி.க்கும் 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி எண்ணும் ஒரு தொடர் எண்ணும் தலைப்பில் உண்டு. 7க்குப் பிறகு 9 வந்தால், நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தது என்று கருவிக்குத் தெரிந்துவிடும். தொலைந்ததை மீட்க முடியாவிட்டாலும், தொலைந்தது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தை மறைத்துச் சமாளிக்க முடியும்.

எச்.264 வீடியோவைப் பொறுத்தவரை, எம்பி4இலிருந்து டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமுக்குப் போகும்போது இன்னொரு மாற்றமும் நடக்கிறது. படத்தின் அளவு என்ன, எந்த அமைப்பில் சுருக்கப்பட்டது என்ற அடிப்படை விவரங்களை எம்பி4 தன் தலைப்பில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரீமிலோ அவை படத்தோடு படமாக, ஒவ்வொரு முழு ஃபிரேமுக்கு முன்னும் திரும்ப வர வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக் போன்ற கருவிகள், மறுபடி சுருக்காமல் கண்டெய்னரை மட்டும் மாற்றும்போது, இந்த வேலையையும் தாமாகவே செய்துவிடுகின்றன. ரீமக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த முறையில் படத்தின் தரம் சிறிதும் குறையாது, நொடிகளில் முடிந்துவிடும். அதனால் எக்ஸ்போர்ட் செய்த எம்பி4இன் கோடெக்கும் பிட்ரேட்டும் கேட்டபடியே இருந்தால், மறுபடி என்கோட் செய்து தரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடிகாரமும் வேகமும்

கணினியில் இருக்கும் கோப்பைப் பிளேயர் தனக்கு வேண்டிய வேகத்தில் படித்துக்கொள்கிறது. ஒளிபரப்பில் வேகத்தை நிர்ணயிப்பது அனுப்புபவர். இந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் புதியவர்களுக்கு வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

8 மெகாபிட் ஸ்ட்ரீம் ஒன்றில் நொடிக்குச் சுமார் 5,319 பாக்கெட்டுகள் போகும். 25 ஃபிரேம் என்றால், சராசரியாக ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 213 பாக்கெட். ஆனால் எந்த ஃபிரேமும் சராசரியாக இருப்பதில்லை. முழுப் படத்தையும் தனக்குள் கொண்ட ஐ-ஃபிரேம் 150 கிலோபைட் இருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து மாறுபட்டதை மட்டும் சொல்லும் பி-ஃபிரேம் 15 கிலோபைட்டிலேயே முடிந்துவிடலாம். 150 கிலோபைட் என்பது 12 லட்சம் பிட். 8 மெகாபிட் வேகத்தில் அது வந்து சேர 0.15 நொடி ஆகும். ஒரு ஃபிரேம் திரையில் நிற்பதோ 0.04 நொடி. ஆகவே அந்த ஒரு ஐ-ஃபிரேம் வந்து முடிவதற்குள் கிட்டத்தட்ட நான்கு ஃபிரேம்களைக் காட்டியாக வேண்டும். முன்கூட்டியே வந்த ஃபிரேம்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பஃபர் கருவியில் இருப்பதால்தான் திரை உறையாமல் ஓடுகிறது. அந்தப் பஃபர் காலியாகிவிடாமலும் நிரம்பி வழியாமலும் பார்த்துக்கொள்வது என்கோடரின் பொறுப்பு. எக்ஸ்போர்ட் திரையில் வி.பி.வி. பஃபர், உச்ச பிட்ரேட் என்று கேட்கப்படும் எண்கள் இதற்காகத்தான். சராசரி பிட்ரேட்டை மட்டும் கொடுத்துவிட்டு உச்சத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், கணினியில் அருமையாக ஓடும் கோப்பு ஒளிபரப்புக் கருவியில் திக்கித் திணறும்.

வந்து சேர்ந்த ஃபிரேமை எப்போது காட்டுவது என்று சொல்ல, ஒவ்வொரு ஃபிரேமின் மேலும் நேர முத்திரைகள் குத்தப்படுகின்றன. பி-ஃபிரேமைப் பிரிக்க அதற்குப் பின்னால் வரும் படமும் தேவை என்பதால், ஃபிரேம்கள் காட்டப்படும் வரிசையும் அனுப்பப்படும் வரிசையும் வேறு வேறு. அதனால் எப்போது பிரிக்க வேண்டும் என்பதற்கு டி.டி.எஸ்., எப்போது காட்ட வேண்டும் என்பதற்கு பி.டி.எஸ். என்று இரண்டு முத்திரைகள். இவை நொடிக்கு 90,000 என்ற அளவில் எண்ணப்படுகின்றன. 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்கு 3,600, 29.97இல் 3,003, இரண்டும் பின்னம் இல்லாத முழு எண்களாக அமைவது இந்த 90,000இன் அழகு. இந்த எண் 33 பிட் நீளமுள்ளது என்பதால் சுமார் 26.5 மணி நேரத்தில் நிரம்பி மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். 24 மணி நேரமும் ஓடும் சேனலில் ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. நல்ல கருவிகள் அதை உணர்ந்து சமாளித்துக்கொள்கின்றன.

முத்திரை இருந்தால் போதாது, அனுப்புபவரின் கடிகாரமும் பெறுபவரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். எந்த இரண்டு கடிகாரமும் தானாக ஒத்துப்போவதில்லை என்பதால், பி.சி.ஆர். என்ற பெயரில் அனுப்புபவரின் கடிகார நேரமே ஸ்ட்ரீமுக்குள் அடிக்கடி வைத்து அனுப்பப்படுகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் துல்லியம் கொண்ட இந்த நேரம் 100 மில்லிநொடிக்குள் ஒரு முறையாவது வர வேண்டும் என்பது அடிப்படைத் தரம். 40 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்பது, டி.வி.பி. என்ற டிஜிட்டல் ஒளிபரப்புத் தரத்தைப் பின்பற்றும் ஒளிபரப்புகளில் உள்ள பரிந்துரை. பெறும் கருவி அதைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரீமின் மொத்த வேகமும் பெரும்பாலும் மாறாமல் இருக்க வேண்டும். செயற்கைக்கோளில் வாங்கிய இடம் 8 மெகாபிட் என்றால், அசையாத கருப்புத் திரை ஓடும்போதும் 8 மெகாபிட் போய்க்கொண்டே இருக்கும். வீடியோவும் ஒலியும் அட்டவணைகளும் போக மிச்சமுள்ள இடத்தை, 8191 என்ற எண் கொண்ட வெற்றுப் பாக்கெட்டுகள் நிரப்புகின்றன. பெறும் கருவி அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். எஃப்.எஃப்.எம்பெக்கில் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமை எழுதச் சொன்னால் அது தானாக இப்படி நிரப்பாது. மக்ஸ் ரேட் என்ற மொத்த வேகத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வீடியோ பிட்ரேட்டையும் மக்ஸ் ரேட்டையும் ஒன்றாகவே கொடுத்துவிட்டு, ஒலிக்கும் அட்டவணைகளுக்கும் இடமில்லாமல் போவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. 8 மெகாபிட் மொத்தம் என்றால் வீடியோவை 7 மெகாபிட் அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

ஜி.ஓ.பி. நீளம்

நடுவில் வந்து சேர்பவருக்கு அட்டவணை கிடைத்தது, கடிகாரம் கிடைத்தது. படம் எப்போது கிடைக்கும்? அடுத்த ஐ-ஃபிரேம் வரும்போதுதான். ஓர் ஐ-ஃபிரேமிலிருந்து அடுத்த ஐ-ஃபிரேமுக்கு முந்தைய ஃபிரேம் வரை உள்ள கூட்டத்துக்கு ஜி.ஓ.பி. என்று பெயர். பலரும் பயன்படுத்தும் எக்ஸ்264 என்கோடரின் இயல்பு நிலையில் இதன் நீளம் 250 ஃபிரேம் வரை போகலாம். 25 ஃபிரேம் வேகத்தில் அது 10 நொடி. கோப்பாகப் பார்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. சேனல் மாற்றுகிறவர் 10 நொடி கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அதனால் ஒளிபரப்பில் அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் இதை வைப்பது வழக்கம். ஐ-ஃபிரேம்கள் கூடக் கூட, அதே பிட்ரேட்டில் படத்தின் தரம் சற்றுக் குறையும். காத்திருப்புக்கும் தரத்துக்கும் இடையே செய்துகொள்ளும் சமரசம் இது.

இணையம் வழியாகப் போகும்போது

மூடிய நெட்வொர்க்கில், வந்து சேர்ந்ததா என்று கேட்காமல் அனுப்பிக்கொண்டே போகும் யு.டி.பி. முறையில் அனுப்பும்போது, ஏழு பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி 1,316 பைட்டாக அனுப்புவார்கள். எட்டு கட்டினால் 1,504 ஆகிவிடும். ஈதர்நெட் ஒரே மூச்சில் சுமக்கும் 1,500 பைட்டை அது தாண்டிவிடும்.

பொது இணையத்தில் நேயர்களுக்குப் போவது பெரும்பாலும் எச்.எல்.எஸ். முறை. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த இந்த முறை, ஸ்ட்ரீமைச் சில நொடி நீளமுள்ள சிறு கோப்புகளாக வெட்டி, அவற்றின் பட்டியலை ஓர் உரைக் கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தச் சிறு கோப்புகள் முதலில் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் துண்டுகளாகவே இருந்தன. துண்டாக்கப்பட்ட எம்பி4 பின்னர்தான் சேர்ந்தது. ஒவ்வொரு துண்டும் ஐ-ஃபிரேமில் தொடங்க வேண்டும் என்பதால், துண்டின் நீளம் ஜி.ஓ.பி.யால் மீதமின்றி வகுபட வேண்டும். 6 நொடித் துண்டு, 2 நொடி ஜி.ஓ.பி. என்றால் 25 ஃபிரேம் வேகத்தில் 150க்கு 50, சரியாக மூன்று. ஒரே நிகழ்ச்சியைப் பல தரங்களில் வைக்கும்போது எல்லாத் தரங்களிலும் ஐ-ஃபிரேம்கள் ஒரே நொடியில் விழ வேண்டும். காட்சி மாறும் இடங்களில் என்கோடர் தானாக ஐ-ஃபிரேம் செருகும் வசதியை அணைத்து வைப்பது அதனால்தான்.

அனுப்பும் முன்

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் தயாரானதும், மீடியாஇன்ஃபோ போன்ற கருவியில் திறந்து கோடெக், ஃபிரேம் ரேட், இன்டர்லேஸ் நிலை, ஒலி 48 கிலோஹெர்ட்ஸா என்பனவற்றைக் கேட்ட விவரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். டி.எஸ்.டக் என்ற திறமூலக் கருவி அட்டவணைகளையும் தொடர் எண்ணில் உள்ள இடைவெளிகளையும் பட்டியலிட்டுக் காட்டும். தொடக்கத்தில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், உதடும் ஒலியும் கடைசிப் பகுதியிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவசியம். ஃபிரேம் ரேட் தவறுகள் நிகழ்ச்சி நீள நீளத்தான் வெளியே தெரியும்.

இவற்றுக்குப் பிறகு நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கோப்பைப் பிரிக்கும் சாதாரணக் கருவி எதையாவது கொண்டு, வீடியோ மென்பொருள் எதன் உதவியும் இல்லாமல், வெறும் பைட்டுகளாக எண்ணி ஸ்ட்ரீம் கோப்பை நடுவில் வெட்டுவேன். பின்பாதியை மட்டும் எடுத்து, அதன் தலை எங்கே என்று கூடத் தெரியாத நிலையில், வி.எல்.சி.யில் திறப்பேன். எம்பி4 கோப்பின் பின்பாதி இப்படித் திறக்காது. ஸ்ட்ரீம் சரியாக இருந்தால், ஒலி முதலிலும், ஒரு நொடிக்குள் அடுத்த ஐ-ஃபிரேம் வந்ததும் படமும் தெரியும். நிகழ்ச்சியின் நடுவில் டி.வி.யைப் போடுகிறவருக்கு எப்படித் தெரியுமோ அப்படியே.